சாலம்மாளின் படம் இருக்கும் ஊர்

வெள்ளிமலை,
10.3.2025

அமலுக்கு,

சனிக்கிழமை சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி, ஒரு கையால் புடவையையும் ஒரு கையால் போனையும் பிடித்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுக்கா, நான் வேலையா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நல்லது, எழுத்திலேயே கொடுக்கிறேன். உன் புது வீட்டு விலாசத்தை நீ அக்காவுக்குச் சொன்னதே இல்லை, அதனால் ஆபீசுக்கு அனுப்புகிறேன். தவக்காலத்தில் கூடப்பிறந்தவர்கள் மேல் கோபம் வைக்கக் கூடாது என்று நேற்றுப் பூசையில் சாமியார் சொன்னார். அவருக்குத் தம்பி கிடையாது போலிருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் ஆஸ்பத்திரியில் நான் எடுக்கிற எக்ஸ்ரே படமெல்லாம் உங்கள் கம்பெனியிடம்தான் போய்ச் சேருகிறது. ஃபிலிம் போட்டுக் கையில் கொடுப்பதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டரில் ஆளின் பேரைத் தட்டினால் படம் வரும். பிப்ரவரி இருபதாம் தேதியிலிருந்து வரவில்லை. 'அப்படி ஒரு பக்கெட்டே இல்லை' என்று இங்கிலீஷில் எழுதி வருகிறது. மலை ஜனங்களின் நெஞ்சுக்கூட்டையெல்லாம் பக்கெட்டில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பக்கெட்டும் இல்லையாம்!

இதில் மாட்டிக்கொண்டவள் சாலம்மாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். மூன்று வருடத்துக்கு முன் காசநோய் வந்து, ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டுத் தேறியவள். போன மாதம் இருமல் என்று வந்தாள். சளியில் கிருமி இல்லை. ஆனால் இப்போது எடுத்த படத்தில் வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரிகிறது. அருள்மொழி டாக்டர் போன வருடம்தான் வந்தவர், கள்ளக்குறிச்சியிலிருந்து புதன்கிழமை மட்டும் மேலே வருகிறார். "மருந்து முடிச்சப்ப எடுத்த படத்துல இதே நிழல் இருந்தா அது வெறும் தழும்பு. இல்லன்னா புதுசா ஏதோ வந்திருக்கு. பழைய படத்தைக் காட்டுங்க" என்றார். எங்கே போய்க் காட்டுவது?

முடிவு தெரிகிறவரை சமையல்கட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சாலம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். வளர்மதி என்று ஒருத்தி, அவள் பெண் ஷாலினி அங்கே இரண்டாவது படிக்கிறாள். "அவ கையால சோறு துன்னா எம் பொண்ணுக்கும் ஒட்டிக்கும்" என்று அவள் வளவு வளவாக, தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சாலம்மாள் தினமும் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். "இன்னாம்மா, வந்துச்சா எம் படம்?" இதை ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறாள்.

பெரிய சிஸ்டரிடம் சொல்லி உங்கள் கம்பெனித் தலைமைக்குப் புகார் அனுப்பினோம். 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி. உங்கள் கம்பெனியில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீ. கொஞ்சம் பார்.

பவுலின்


சென்னை,
14.3.2025

அக்காவுக்கு,

எழுத்தில் கொடு என்றால் மெயில் போடு என்று அர்த்தம். தபால்தலை ஒட்டிய உன் உறை ஆபீஸ் வரவேற்பறையில் மூன்று பேர் கை மாறி என்னிடம் வந்தது. "அமல், உனக்கு லெட்டர்டா, நெசமான லெட்டர்!" என்று ஒருவன் படம் வேறு பிடித்தான்.

'சென்னையிலுள்ள யாரோ ஒரு பொறுப்பற்றவர் ஏழைகளின் படங்களைத் தொலைத்துவிட்டார்.' புகாரில் சிஸ்டர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி உன்னுடையது என்று படித்ததும் தெரிந்துவிட்டது. அந்த யாரோ ஒரு பொறுப்பற்றவர் நான்தான், அக்கா. தென்மாநிலத்து ஆஸ்பத்திரிகளின் பக்கெட்டுகளை மும்பையிலிருந்து சென்னைக்கு மாற்றியது நான். புகார் வந்த மறுநாளே என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது மற்றவர்கள் செய்ததைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ போன் பண்ணியபோது அந்தக் கோபத்தில்தான் இருந்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உங்கள் படம் ஒன்றுகூடத் தொலையவில்லை. எங்களுக்கு மும்பையில் ஒரு கிடங்கு, சென்னையில் ஒரு கிடங்கு. ரீஜியன் என்று சொல்வோம். உங்கள் பக்கெட்டுக்கு, அதாவது உங்கள் படங்களைப் போட்டு வைத்திருக்கிற பெட்டிக்கு, ஒரு பெயர் உண்டு. உன் கம்ப்யூட்டர் முதலில் டிஎன்எஸ் என்கிறவரிடம் அந்தப் பெயரைச் சொல்லி, 'இது எங்கே இருக்கிறது?' என்று கேட்கும். அவர் ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்தான் வாசல். ஜனவரியில் உங்கள் படங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்ததும், டிஎன்எஸ்ஸில் மும்பை எண்ணை எடுத்துவிட்டு சென்னை எண்ணைப் போட்டேன். பெயர் அதேதான், அதனால் உங்கள் பக்கம் யாரும் எதையும் தொட வேண்டாம். ஒரு மாதம் வரை மும்பை வாசலுக்கு வந்தவர்களையும் நாங்களே சென்னைக்கு அனுப்பி வைத்தோம். பிப்ரவரி இருபதில் அதை மூடிவிட்டோம்.

இங்கிருந்து பெயரைத் தட்டினால் உங்கள் பக்கெட் அழகாகத் திறக்கிறது. 4,116 படங்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கிற படத்தைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை, அதற்கான சாவி உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே தப்பு உன் பக்கம்.

இந்தக் காகிதத்தின் பின்னால் இரண்டு வரி இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். அப்படியே தட்டு. முதல் வரி டிஎன்எஸ்ஸைக் கேட்கும். இரண்டாவது வரி உன் கம்ப்யூட்டர் நிஜத்தில் எந்த வாசலுக்குப் போகிறது என்று காட்டும். இரண்டிலும் வருகிற எண்ணை எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே, அந்தப் பாறையிலிருந்து நீ ஒன்பது என்றால் எனக்கு ஏழு என்று கேட்கிறது.

அமல்


வெள்ளிமலை,
19.3.2025

அமலுக்கு,

நீதான் என்று தெரிந்திருந்தால் அந்தப் புகாரை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்காதே. இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருப்பேன். ஆனால் உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்தார்கள் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. களமருதூரில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத்தான் விழும்.

டிஎன்எஸ் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தும் புரியவில்லை. உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் பாண்டியன் அண்ணனைப் பார்த்ததும்தான் புரிந்தது. மாதன் என்று ஒருவர், பலா மரத்துப் பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஆற்றோரம் குடிபோய்விட்டார். அவர் பேருக்குக் கடிதம் வந்தால் பாண்டியன் அண்ணன் நேராக ஆற்றோரம் கொண்டுபோகிறார். பேர் போடாமல் 'பலா மரத்துப் பக்கத்து வீடு' என்று எழுதினால் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும், அங்கே இப்போது ஆடுதான் கட்டியிருக்கிறது. சரிதானே? சரியென்றால் நானும் கம்ப்யூட்டர் படித்தவள்தான்.

நீ சொன்னபடி தட்டினேன். முதல் வரிக்கு வந்த எண் 77 என்று முடிகிறது. இரண்டாவது வரிக்கு வந்தது 14 என்று முடிகிறது. முழுசாகப் பின்னால் எழுதியிருக்கிறேன். சந்தேகத்துக்கு மூன்று தடவை பார்த்தேன், மூன்றும் அப்படியே.

இன்று டாக்டர் வந்தார். ஏப்ரல் இரண்டாம் தேதிக்குள் பழைய படம் கிடைக்காவிட்டால் சாலம்மாளைச் சென்னைக்கு அனுப்பி, நெஞ்சில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கு மேல் காத்திருக்க அவருக்குப் பயம். நியாயம்தான். சாலம்மாள் வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "ஊசிக்கெல்லாம் நா பயப்பட்ல. நா போயி அங்க படுத்துக்கினா, ஊரு நெசமாவே சீக்காளின்னு முடிவு பண்ணிடும். அப்பால ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குட்த்தாலும் எவ என்ன அடுப்பாண்ட வுடுவா?"

அவளுக்கு அந்தக் கரண்டிதான் எல்லாம். பதினோரு வருடமாகப் பிடித்த கரண்டி. சீக்கிரம் பார்டா.

பவுலின்


சென்னை,
22.3.2025

அக்கா,

மாதன் கதை நூற்றுக்கு நூறு சரி. என் பக்கத்துச் சீட்டுக்காரன் இதைத்தான் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிறான்.

77 சென்னை. 14 மும்பை! டிஎன்எஸ் சரியாகச் சென்னை என்றுதான் சொல்கிறார். உன் கம்ப்யூட்டர் அவரைக் கேட்பதே இல்லை. அதற்குள் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதில் பெயருக்குப் பக்கத்தில் யாராவது ஒரு எண்ணை எழுதி வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும், வெளியே யாரையும் கேட்காது. உங்கள் கம்ப்யூட்டரில் எவனோ 'பலா மரத்துப் பக்கத்து வீடு' என்று எழுதி வைத்திருக்கிறான். மூடிப்போன வாசலிலேயே அது போய் நிற்கிறது.

எவன் என்று விசாரித்துச் சொல். ஒரு மாதமாக நான் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்து என் மேலதிகாரி மேசையில் வைக்காமல் விடப்போவதில்லை.

செய்ய வேண்டியதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம் கொடு. அந்த ஒரு வரியை அழிக்க வேண்டும், அவ்வளவுதான். '77-ஐ எழுதி வைத்துவிடுகிறேன்' என்று அவர் கிளம்பினால் கையைப் பிடித்துத் தடு. நாளைக்கு நாங்கள் இன்னோர் ஊருக்கு மாற்றினால் மறுபடியும் இதே கூத்துதான். மலையில் சிக்னல் மோசம், பெயரைக் கேட்க நேரமாகும் என்றால் அதற்கும் வழி எழுதியிருக்கிறேன். உங்கள் ரௌட்டரே ஒரு தடவை கேட்டு, கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நேரம் முடிந்ததும் மறுபடி தானே கேட்டுக்கொள்ளும்.

சாலம்மாளிடம் படம் இருக்கிறது என்று சொல். நான் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அமல்


வெள்ளிமலை,
28.3.2025

தம்பி அமலுக்கு,

எங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் கலையரசன், தியாகதுருகத்துக்காரர். நேற்று இரண்டு பஸ் மாறி வந்தார். உன் தாளைப் படித்தார், கோப்பைத் திறந்தார். பெயர் இருந்தது, மும்பை எண் இருந்தது. பக்கத்தில் எழுதினவர் குறிப்பும் இருந்தது.

'ஜூலை 2021. பவுலின் மேடம் சொன்னபடி.'

சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

அப்போது டவர் இன்னும் மோசம். பேரைத் தட்டினால் பத்துக்கு ஏழு தடவை 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வரும். வெளியே நாற்பது பேர் இருமிக்கொண்டு நிற்பார்கள். நான்தான் கலையரசனிடம், "ஒவ்வொரு தபாவும் பேரக் கேட்டுக்கினு நிக்க எனக்கு நேரமில்ல, அந்த நம்பரையே எழுதி வச்சிடுங்க" என்று சொன்னேன். ஒரே நிமிடத்தில் சரியாகிவிட்டது. அவருக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாளே மறந்தும் போனேன். நேற்று அவர், "அன்னிக்கே சொன்னேன் மேடம், இது பின்னால வெனையாவும்னு" என்கிறார். சொன்னாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பார். நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஆக, பொறுப்பற்றவர் சென்னையில் இல்லை. எக்ஸ்ரே அறையில் இருக்கிறார். என்னை மன்னித்துவிடு, அமல். நாக்கு நீளம் என்று அம்மா சொன்னபோதெல்லாம் எதிர்த்துப் பேசினேன், அம்மா சொன்னது சரிதான். உங்கள் தலைமைக்கு இன்னொரு கடிதம் போயிருக்கிறது. தப்பு எங்களுடையது, சொன்னது நான் என்று என் பெயரைப் போட்டே எழுதினேன். சிஸ்டர் "பெயரெல்லாம் எதுக்குப் பவுலின்?" என்றார். போட்டால்தான் எனக்கு ஆறும் என்றேன். கொட்டை எழுத்தில் நீ அடிக்க வேண்டியதில்லை.

வரியை அழித்ததும் திறந்துகொண்டது. பக்கெட் முழுக்க அப்படியே இருக்கிறது. சாலம்மாள் படமும் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முந்தையது, நான் எடுத்ததுதான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். என் கண்ணுக்கு என்ன பட்டது என்று உனக்குக்கூட எழுத மாட்டேன். படம் எடுப்பதுதான் என் வேலை, படிப்பது டாக்டர் வேலை. தப்பாக ஒரு வார்த்தை விட்டுவிட்டால் அவள் தாங்க மாட்டாள்.

"எம் படம் வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். "இன்னா சொல்லுது?" என்றாள். புதன்கிழமை டாக்டர் சொல்வார் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நாள் இந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி நடமாடுவது?

பவுலின்


சென்னை,
31.3.2025

அக்கா,

சிரித்தேன். ஆபீஸ் கேன்டீனில் டீ மூக்கு வழியாக வருகிற அளவுக்குச் சிரித்தேன். 'பவுலின் மேடம் சொன்னபடி' என்பதை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டலாமா என்று யோசித்தேன். ஒட்டவில்லை. காரணம் கேள்.

பழைய வாசலை மூடும் முன் ஒரு மாதம், இன்னும் யார் யார் அங்கே வருகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. மற்ற எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒரே ஓர் எண்ணிலிருந்து மட்டும் தினமும் நாற்பது ஐம்பது தட்டல் வந்துகொண்டே இருந்தது. 'ஏதோ மெஷின், கவலை வேண்டாம்' என்று எழுதிவிட்டு மூடினேன். உன் கடிதம் வந்த பிறகு அந்தப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காலை ஒன்பதுக்குத் தொடங்குகிறது. மத்தியானம் ஒரு மணிக்கு நிற்கிறது. இரண்டுக்கு மறுபடி வருகிறது, நாலு வரை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. மெஷினுக்கு ஞாயிறு பூசை உண்டா அக்கா? அது நீதான். ஒரு மாதம் நீ தட்டியிருக்கிறாய், நான் பார்த்துக்கொண்டே இருந்து கதவைச் சாத்தியிருக்கிறேன். ஒரு போன் போட்டு யாரென்று கேட்டிருந்தால் சாலம்மாள் ஒரு நாள்கூட வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இதை உன்னிடம் மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ பெயரைப் போட்டு எழுதினாய் என்று படித்த பிறகு முடியவில்லை. இன்று காலை என் மேலதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. தலைமைக்கு நீ எழுதிய இரண்டாவது கடிதத்தை எடுத்துக் காட்டி, "உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார். இனிமேல் எந்த வாசலையும் மூடும் முன், அங்கே கடைசியாக வருகிற ஒவ்வொருவரையும் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும், அதை நானே செய்ய வேண்டும் என்றார். என் பழைய நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது.

மனசு நிறைவாக இருக்கிறது, ஆனால் காலண்டரில் புதன்கிழமையைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் சாலம்மாளைப் பார்த்ததுகூட இல்லை. என்ன ஆனாலும் உடனே எழுது.

அமல்


வெள்ளிமலை,
3.4.2025

அமலு,

நீயும் கழுதை, நானும் கழுதை. அது முடிந்தது. இப்போது கேள்.

நேற்றுக் காலை டாக்டர் வந்ததும் முதல் ஆளாகச் சாலம்மாளைக் கூப்பிட்டேன். பெயரைத் தட்டினேன். இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அருள்மொழி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பென்சில் முனையால் பழைய நிழலைச் சுற்றினார், புதிய நிழலைச் சுற்றினார். பிறகு திரும்பி, "ரெண்டும் ஒண்ணுதாம்மா. மூணு வருசத்துல மயிரிழைகூட மாறல. பழைய தழும்பு. இருமலுக்கு மருந்து தர்றேன், நீ ஜம்முனு இருக்க" என்றார்.

சாலம்மாள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இத்தினி நாளா எங்கம்மா இருந்துச்சு?"

"முதல்ல பம்பாய்ல. இப்ப சென்னையில."

"அட, நா கள்ளக்குறிச்சியத் தாண்டினதில்ல. என் நெஞ்சு பம்பாயப் பாத்துட்டு வந்துச்சா!" என்று சொல்லி, அப்புறம்தான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சமைக்கலாம் என்று பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார் என்று காத்திருந்தோம். அவர் பன்னிரண்டரைக்கு எழுந்து, "பசிக்குது, வாங்க" என்று சாலம்மாளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தலைமையாசிரியரிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு ஒரு தட்டை எடுத்து, பிள்ளைகள் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தார். "போடும்மா" என்றார். சாலம்மாள் கை கழுவிக்கொண்டு வந்து, கரண்டியைப் பிடித்துச் சோறு போட்டாள். அவர் குழம்பு ஊற்றிப் பிசைந்து, ஊர் பார்க்கச் சாப்பிட்டார். அடுத்த தட்டு நான். அப்புறம் ஐம்பத்திரண்டு பிள்ளைகள்.

வளர்மதி அப்போதுதான் கேட்டருகே வந்து நின்றாள். அந்தச் சமையல்கட்டுப் பாத்திரமே ஆகாது என்று ஐந்து வாரமாக மகளுக்கு வீட்டிலிருந்து தினமும் டப்பாவில் சோறு கொண்டுவருகிறவள். அவள் பெண் ஷாலினி ஏற்கெனவே வரிசையில் உட்கார்ந்து, "சாலம்மா, எனக்கு இன்னொரு கரண்டி" என்று தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். வளர்மதி பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது, என் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

பிள்ளைகள் எழுந்து போன பிறகு அவள் உள்ளே வந்தாள். சாலம்மாள் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கு மிச்சம் இல்லை. வளர்மதி டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். சாமைச் சோறும் கீரையும்.

"நீ இன்னும் துன்லயே. இந்தா."

சாலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வளர்மதியும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சாலம்மாள் சாப்பிட்டு முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை. டப்பாவில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.

பவுலின்